அழாத பிள்ளையை முதலில் பாருங்கள்

வணக்கம். நான் ஒரு நர்ஸ். குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்கிற வார்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். மைக் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை, கட்டிலோரம் நின்றுகொண்டு பேசித்தான் பழக்கம், அதனால் அப்படியே பேசுகிறேன். நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மானிட்டர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வந்த வினை அது.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனுக்கு ஐந்து வயசு, இதயத்தில் ஓட்டை, அதை அடைத்து மூன்றாவது நாள். பக்கத்துக் கட்டில் பாப்பா ஊரையே கூட்டுகிற மாதிரி அழுகிறாள், இவனிடம் ஒரு சத்தம் இல்லை. வலிக்குதா கண்ணு என்றால் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவான். நான் அவன் அம்மாவிடம் போய் "உங்க பையன் தங்கம்மா, ஒரு தொந்தரவும் இல்லை" என்று சொல்லிவிட்டு, சார்ட்டில் வலி என்கிற கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டேன். மறுநாள் காலை எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது, சளி அடைத்துக் காற்றுப் போகாமல் சுருங்கிப்போயிருந்தது. இருமினால் வலிக்கும், ஆழமாக மூச்சு இழுத்தாலும் வலிக்கும், அதனால் சின்னச் சின்ன மூச்சாக விட்டுக்கொண்டு அசையாமல் கிடந்திருக்கிறான் பிள்ளை, அதைப் பார்த்துத்தான் நான் தங்கம் என்று மெச்சியிருக்கிறேன். எங்கள் சீனியர் சிஸ்டர் திட்டவில்லை. "அவன் கையைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். போர்வையை விலக்கினால், பெட்ஷீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான், விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

அன்றிலிருந்து ரவுண்ட்ஸ் போனால் அழாத பிள்ளையைத்தான் முதலில் பார்ப்பேன்.

எங்கே வலிக்கும் என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை சுலபம். பெரும்பாலான ஆபரேஷனில் நெஞ்சின் நடு எலும்பை நீளவாக்கில் அறுத்து, இரண்டு பக்கமும் விரித்துவைத்து வேலை செய்வார்கள், முடிந்ததும் கம்பியாலோ கெட்டியான நூலாலோ சேர்த்துக் கட்டுவார்கள். தையல் போட்ட இடம் வலிப்பது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் மணிக்கணக்கில் விரிந்து நின்றதால் முதுகும் தோள்பட்டையும் வலிக்கும், அதை யாரும் நினைப்பதில்லை. "ஆபரேஷன் நெஞ்சுல, இவன் முதுகு முதுகுன்னு சொல்றானே சிஸ்டர், வேற ஏதாவதா?" என்று பயந்து கேட்காத அம்மா கிடையாது. சில ஆபரேஷனுக்குப் பக்கவாட்டில், விலா எலும்புகளுக்கு நடுவில் திறப்பார்கள். தழும்பு சின்னதாக இருக்கும், வலி மட்டும் சில பிள்ளைகளுக்கு நடுநெஞ்சில் திறந்ததைவிட அதிகமாக இருக்கும், ஏனென்றால் விலா எலும்பின் அடியோரமாகவே நரம்பு ஓடுகிறது.

பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்கள். பாட்டிகளைக் குறை சொல்லிப் பயனில்லை, 1980கள் வரைக்கும் பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். மேல்நாட்டிலேயே குறைமாதக் குழந்தைகளுக்கு, உடம்பு அசையாமல் இருக்க ஒரு மருந்தும் பேருக்குக் கொஞ்சம் மயக்க வாயுவும் கொடுத்துவிட்டு நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள், பச்சைக் குழந்தை வலிமருந்தைத் தாங்காது என்று பயம். அதைக் கேள்வி கேட்டவர் இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த் என்கிற டாக்டர். இதயத்தின் பக்கத்தில் மூடாமல் நின்றுவிட்ட ஒரு ரத்தக்குழாயைக் கட்டும் ஆபரேஷன் அது. குறைமாதக் குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஃபென்டனில் என்கிற வலிமருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 1987இல் முடிவு வெளிவந்தது. வலிமருந்து கிடைத்த குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவு, ஆபரேஷனுக்குப் பிறகு வந்த சிக்கலும் குறைவு. அப்புறம் பாஸ்டனில் ஹிக்கி என்கிற டாக்டரோடு சேர்ந்து, இதய ஆபரேஷன் செய்த பச்சைக் குழந்தைகளையே பார்த்தார். 1992இல் வந்தது அது. வலிமருந்தை அதிக அளவில் கொடுத்து ஆழமான மயக்கத்தில் வைத்திருந்த 30 குழந்தைகளில் ஒருவரும் சாகவில்லை, வழக்கமான முறையில் இருந்த 15 பேரில் 4 பேர் செத்துப்போனார்கள். சின்னக் கணக்குதான், ஆனாலும் "குழந்தைக்கு என்ன தெரியும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நாலு பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

சரி, பேசத் தெரியாத பிள்ளைக்கு வலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாங்கள் மார்க் போடுவோம். முகம் சுளிக்கிறதா, கால் உதைக்கிறதா இல்லை விறைத்திருக்கிறதா, உடம்பு நெளிகிறதா, அழுகை எப்படி, தூக்கினால் தட்டினால் அடங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து இரண்டு வரை, மொத்தம் பத்துக்கு. நல்ல முறைதான், ஆனால் என் ஐந்து வயசுப் பையன் மாதிரி ஒருத்தனைத் தூரத்தில் நின்று பார்த்தால் மார்க் ஏமாற்றிவிடும், போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும், இருமச் சொல்லிப் பார்க்க வேண்டும். மூன்று வயசுக்கு மேலே என்றால் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஆறு படம் உள்ள அட்டையைக் காட்டி, உனக்கு எது என்று கேட்போம். இதிலும் ஒரு கோளாறு. வலிக்குது என்று சொன்னால் ஊசி போடுவார்கள் என்று பிள்ளைகளுக்குப் பயம், அதனால் கண்ணில் தண்ணீரை வைத்துக்கொண்டே சிரிக்கிற முகத்தைத் தொடும். அதனால் நான் முதலிலேயே கையில் ஏற்கெனவே இருக்கிற லைனைக் காட்டிவிடுவேன், "மருந்து இது வழியாத்தான் போகும், புதுசா குத்த மாட்டோம்" என்று. அப்புறம் பாருங்கள், விரல் தானாக நகரும்.

எங்களைவிட நீங்கள்தான் கெட்டிக்காரர்கள். உங்கள் பிள்ளையின் பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று உங்களுக்குத் தெரியும். "சிஸ்டர், இது அவ அழுகை இல்லை" என்று ஒரு அம்மா சொன்னால் நான் மறுபேச்சு பேசாமல் போய்ப் பார்ப்பேன். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்காதீர்கள்.

ஐசியூவில் மார்ஃபின் கொடுப்போம், ஃபென்டனில் கொடுப்போம். பேரைக் கேட்டதும் அப்பாக்கள் முகம் மாறும், "போதை மருந்தாச்சே, பழகிடாதா?" என்று. வலிக்காக, அளவோடு, ஆள் பக்கத்திலிருந்து மூச்சைக் கண்காணித்துக் கொடுக்கிற மருந்தால் பிள்ளை போதைக்கு அடிமையாக மாட்டான். பல நாள் தொடர்ந்து போனால் உடம்புக்குப் பழகிவிடும் என்பது உண்மை, அதனால்தான் அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைப்போம். தூக்கம் வரும், மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பான், மலச்சிக்கல் வரும். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், முக்கினால் நெஞ்சு வலிக்கும். ஆபரேஷன் தியேட்டரிலேயே முதுகுப் பக்கமாக, நெஞ்சு மரத்துப்போகிற மருந்து போடுவதும் உண்டு, அது போட்ட பிள்ளைகளுக்கு மார்ஃபின் கம்மியாகவே போதும்.

ஆபரேஷனைவிடப் பிள்ளைகள் ஞாபகம் வைத்திருப்பது டிரெயின் என்கிற குழாயை எடுப்பதைத்தான். நெஞ்சுக்குள் தேங்குகிற ரத்தமும் நீரும் வெளியேற ஒரு குழாய் வைத்திருப்பார்கள், இரண்டு மூன்று நாளில் எடுப்பார்கள். ஆபரேஷனின்போது மயக்கம், இதற்கு விழித்திருப்பான். எடுப்பதற்கு முன்னால் வலிமருந்து கொடுக்க வேண்டும், கொடுத்தால் மட்டும் போதாது, அது வேலை செய்ய நேரம் விட வேண்டும். சிரப் என்றால் அரைமணி நேரத்துக்கு மேல். அவசரத்தில் மருந்தைக் கொடுத்த கையோடு குழாயை இழுப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், இங்கே யாரையும் பேர் சொல்லப் போவதில்லை. நீங்கள் கேட்கலாம், "டிரெயின் எடுக்கிறதுக்கு மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கிறீங்க?" என்று. கேட்கிற அம்மாவைப் பார்த்தால் வார்டு கொஞ்சம் உஷாராகும். இன்னொன்று, வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். ஒருமுறை ஏமாந்த பிள்ளை அடுத்த ஊசிக்கும் நம்பாது. "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும், அம்மா கையைப் பிடிச்சுக்கோ" என்றால் போதும். பச்சைக் குழந்தை என்றால் ரத்தம் எடுக்கிற நேரத்தில் டாக்டர் அனுமதித்தால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், இல்லையென்றால் இரண்டு நிமிஷம் முன்னால் நாக்கில் கொஞ்சம் சர்க்கரைக் கரைசல் விடுவோம். மந்திரம் மாதிரித் தெரியும், நிஜமாகவே வலி குறைகிறது.

இருமல் வேண்டும், அதே சமயம் வலிக்கக் கூடாது. மருந்து கொடுத்து அரைமணி கழித்து, ஒரு தலையணையையோ கரடி பொம்மையையோ நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடிக்கச் சொல்லி இருமவையுங்கள், வெட்டின இடம் குலுங்காது. மூச்சுப் பயிற்சி என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் செய்யாது, சோப்பு நுரைக் குமிழ் விடுகிற டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள், தானாக ஊதும்.

இப்போது வீட்டுக்கு வருவோம், நான் அதிகம் பயப்படுகிற இடம் இதுதான். டிஸ்சார்ஜில் பெரும்பாலும் பாராசிட்டமால் சிரப்தான் எழுதுவார்கள். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணிக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் கூடாது. 10 கிலோ பிள்ளை என்றால் 150 மில்லிகிராம். கடையில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டில் இருக்கிறது, அதில் 6 மில்லி. 250 உள்ள பாட்டில் இருக்கிறது, அதில் 3 மில்லி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இருக்கிறது, 1 மில்லியிலேயே 100, அதில் ஒன்றரை மில்லிதான். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 6 மில்லி என்று மனசில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் 6 மில்லி கொடுத்தால் நாலு மடங்கு, ஈரல் கெட்டுப்போகலாம். ஒரு அம்மா பாட்டில் தீர்ந்துபோய்ப் பக்கத்துக் கடையில் வேறு பாட்டில் வாங்கி, பழைய அளவிலேயே இரண்டு நாள் கொடுத்திருந்தார், நல்லவேளை, ரிவ்யூவுக்கு வந்தபோது பாட்டிலைப் பையிலேயே வைத்திருந்தார். இன்னொரு விஷயம், இதயப் பிள்ளைகள் வயசுக்கு ஏற்ற எடையில் இருப்பதில்லை, அதனால் அட்டைப்பெட்டியில் வயசைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிய எடையைப் பாருங்கள்.

முதல் சில நாள், அழுதால்தான் மருந்து என்று இருக்காமல் டாக்டர் எழுதின நேரப்படி கொடுங்கள், வலி ஏறினபிறகு இறக்குவது கஷ்டம். ஐபுப்ரோஃபென் கலந்த சிரப்பை மட்டும் கேட்காமல் கொடுக்க வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆகாமல் போகலாம், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் சாப்பிடுகிற பிள்ளை என்றால் இன்னும் ஜாக்கிரதை. தையல் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம், அத்தையோ பாட்டியோ ஊரிலிருந்து வந்து எவ்வளவு பாசமாகச் சொன்னாலும் வேண்டாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். எலும்பு சேர ஆறு வாரமாவது ஆகும், அதுவரை ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும், ஒரு கை பிட்டத்துக்கும் அடியில் கொடுத்து, முறத்தை ஏந்துகிற மாதிரி மொத்தமாக ஏந்துங்கள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் பாசத்தில் அக்குளைப் பிடித்து லபக்கென்று தூக்குவார்கள், வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி திரும்ப ஏறினால், காய்ச்சல் வந்தால், தையல் சிவந்து நீர் கசிந்தால், எலும்பு கடக் கடக்கென்றால், மூச்சு வாங்கினால், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி எடுத்தால் காத்திருக்காதீர்கள். குறிப்பாக, வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக்கூட, படுத்தால் நெஞ்சு வலிக்கிறது, உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் பரவாயில்லை என்று பிள்ளை சொன்னால், இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், அன்றைக்கே எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். சொல்லத் தெரியாத பிள்ளை என்றால் ராத்திரி படுக்க வைத்ததும் எழுந்து எழுந்து உட்காரும், உங்கள் தோளில் சாய்ந்தபடியே தூங்கப் பார்க்கும். செல்லம் கொஞ்சுகிறது என்று விட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் வார்டு நம்பர் இருக்கும், இப்போதே போனில் பதிந்து வையுங்கள், ராத்திரி இரண்டு மணி என்றாலும் பரவாயில்லை, நாங்கள் எப்படியும் முழித்துக்கொண்டுதான் இருப்போம்.