பாலத்துக்கு முந்தைய முப்பது வருடம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக் குரலை உருவாக்கியது ஊடகமா, போராடிய மக்களா? மக்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அலபாமா மாநிலத்துச் செல்மா ஊரைக் காட்டினார். 1965 மார்ச் 7 இரவு, ஓடிக்கொண்டிருந்த படத்தை ஏபிசி தொலைக்காட்சி நிறுத்திவிட்டு, வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களை அந்த ஊர்ப் பாலத்தில் போலீஸ் அடித்த காட்சியைப் போட்டது. ஐந்தே மாதத்தில் வாக்குரிமைச் சட்டம் வந்தது என்றார். சரி, அந்தப் பாலத்தில் மயங்கிக் கிடந்த அமேலியா பாய்ன்டன் யார்? 1930களிலிருந்தே அந்த ஊர்க் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிய வைக்கப் போராடியவர். அந்த முப்பது வருடத்தை எந்தத் தொலைக்காட்சி காட்டியது? 1962இல் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரப் போலீஸ் தலைவர் பிரிச்செட், அடிதடி இல்லாமல் கைது செய்தே போராட்டத்தை முடக்கினார். அந்தத் தோல்வியில் பாடம் படித்துத்தான், அடிக்கத் தயங்காத முரட்டு ஷெரிஃப், அதாவது வட்டாரக் காவல் தலைவர், ஜிம் கிளார்க் இருந்த செல்மாவுக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் வந்தது. கேமராவை அங்கே வரவழைத்ததே போராட்டக்காரர்கள்தான்!

அதே அலபாமாவின் மாண்ட்கோமரி நகருக்கு வாருங்கள். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியின் சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் துண்டுப்பிரசுரம் ஓட்டினார். ஒரு தாளில் மூன்று பிரதி. விடிய விடிய அச்சடித்து, வெட்டி, கட்டுக் கட்டி, மறுநாள் ஊரெங்கும் கொண்டு சேர்த்தார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள் என்பதுதான் செய்தி. ஞாயிறன்று உள்ளூர் நாளிதழ் அதை முதல் பக்கத்தில் போட்டது, மறுக்கவில்லை. அதுவும் நிக்சன் என்ற தொழிற்சங்கத் தலைவர் நிருபரைக் கூப்பிட்டுச் சொன்னதால் வந்தது. அப்புறம் 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்து வேலைக்கு நடந்தவர்கள் யார்? பத்திரிகை முதலாளிகளா?

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது மினியாபொலிஸ் போலீஸ் விட்ட முதல் அறிக்கையில், அவருக்கு ஏதோ உடல்நலக் கோளாறு என்றுதான் இருந்தது. கழுத்தை அழுத்திய முழங்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. 17 வயதுப் பெண் ஒருத்தி செல்போனில் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்ட காணொளி உண்மையை வெளியே கொண்டுவந்தது. ஃபேஸ்புக்கும் ஊடகம்தானே என்று நண்பர் கேட்கலாம். அந்தத் தெருவோரத்தில், போலீஸ்காரர் விரட்டியும் போகாமல் நின்றது ஃபேஸ்புக் இல்லை ஐயா, அந்தப் பெண்!

தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி.