போர்க்கப்பலைச் சென்னைக்குக் கொண்டு வந்தால் சுற்றுலா வளருமா?

அடுத்த கேள்வி, திருவொற்றியூரிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். விடுமுறைக்கு விசாகப்பட்டினம் போய், கடற்கரையில் நிற்கிற குர்சுரா நீர்மூழ்கிக்குள்ளே பிள்ளைகளோடு நுழைந்து பார்த்திருக்கிறார். "அங்கே முடிகிறது, நமக்கு ஏன் முடியவில்லை? ஓய்வு பெற்ற கப்பல் ஒன்றையோ, வேறு ஊரில் கவனிப்பார் இல்லாமல் கிடக்கிற கப்பல் அருங்காட்சியகத்தையோ மெரினாவுக்கு மாற்றினால் சுற்றுலா வளராதா? எங்கள் குடியிருப்போர் சங்கம் சார்பில் மனு கொடுக்கப் போகிறோம்" என்கிறார்.

நல்ல காரியம், கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் வாக்லியின் கதையைத் தெரிந்து கொள்ளுங்கள். குர்சுரா மாதிரியே ரஷ்யாவில் கட்டிய நீர்மூழ்கிதான் ஐ.என்.எஸ். வாக்லி. 1974இல் கடற்படையில் சேர்ந்து 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைப்பதாகத் திட்டம். கப்பல் சென்னைத் துறைமுகம் வரைக்கும் வந்து விட்டது, அதற்கு மேல் நகரவில்லை, கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். கப்பல் கிடைக்காமல் போகவில்லை, கடற்படை கொடுக்காமலும் இருக்கவில்லை. கப்பல் கைக்கு வந்த பிறகுதான் நாம் கோட்டை விட்டோம், அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விசாகப்பட்டினத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். குர்சுரா 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது, 2002 ஆகஸ்டில் மக்கள் உள்ளே போகத் தொடங்கி விட்டார்கள். 91 மீட்டர் நீளமுள்ள இரும்புக் கப்பலைக் கரைக்கு இழுத்து, மணலைத் தாண்டி, சாலை ஓரத்து மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். ஐந்தரைக் கோடி ரூபாய் அளவுக்குச் செலவு. கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமையகமே உள்ளூரில் இருப்பது அவர்களுக்குப் பெரிய பலம், உள்ளே சுற்றிக் காட்டி விளக்கம் சொல்கிறவர்களே ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்கள்தான். அப்புறம் 2017இல் சாலைக்கு எதிர்ப்புறம் கடற்படையின் பழைய டியூ-142 கண்காணிப்பு விமானத்தையும் கொண்டு வந்து வைத்தார்கள், ஆக ஒரு குடும்பம் கடற்கரைக்கு வந்தால் அரை நாள் அங்கேயே போய்விடும், கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் வருமானம் வருவது அப்படித்தான்.

சரி, டிக்கெட் காசிலேயே கப்பலைக் காப்பாற்ற முடியாதா என்றும் கேட்டிருக்கிறார். முடியாது. இரும்பும் உப்புக் காற்றும் சேர்ந்தால் துரு நிற்கவே நிற்காது. கரையில் ஏற்றி வைத்த குர்சுராவுக்கே சில வருடங்களில் துருவேறி, புது எஃகுத் தகடு போட வேண்டியதாயிற்று, அப்படியென்றால் தண்ணீரிலேயே மிதக்கிற கப்பலை நினைத்துப் பாருங்கள். பழைய விக்ராந்த், 1971 போரில் கிழக்குக் கடலைக் காத்த நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல், 1997இல் ஓய்வு பெற்று மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2012இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள், 2014இல் உடைக்கத் தொடங்கி விட்டார்கள். விக்ராந்துக்கே வருடா வருடம் பணம் ஒதுக்க ஆளில்லை என்றால் மற்றக் கப்பல்களின் கதி என்ன?

இடம் மாற்றினால் பலன் உண்டா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் டெக்சாஸ் என்கிற போர்க்கப்பலைச் சொல்லலாம். 1914இல் சேவைக்கு வந்தது, இரண்டு உலகப் போரையும் பார்த்தது, 1948 முதல் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு போர் நினைவிடத்தில் அருங்காட்சியகமாக நின்றது. அடிப்பகுதி ஓட்டையாகிப் போனதால் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்துக் கொண்டே இருந்தார்கள். அரசு பழுது பார்க்க மூன்றரைக் கோடி டாலர் கொடுத்தது, கூடவே இனி கூட்டம் அதிகம் வருகிற ஊருக்கு மாற்றி, சொந்தக் காலில் நிற்க வையுங்கள் என்ற ஏற்பாடும் வந்தது. 2022 ஆகஸ்டில் கால்வெஸ்டனுக்கு இழுத்துப் போனார்கள், பயணக் கப்பல்களும் கடற்கரையும் உள்ள சுற்றுலா ஊர் அது. இதில் கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் பணம், அடுத்து உலர் துறையில், அதாவது தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுது பார்க்கிற இடத்தில், அடிப்பகுதி வேலை, வருமானத்தைக் கூட்டத்தான் புது ஊர். நாம் வாக்லி விஷயத்தில் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

மாற்றும்போது இன்னொரு ஊர் இழக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிவில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட மிசௌரி கப்பல், அமெரிக்காவில் பிரெமெர்டன் என்ற ஊரில் இருந்தது. அதை 1998இல் ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பருக்குக் கொண்டு போனபோது அந்த ஊர்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். அதனால் இன்னொரு ஊரின் அருங்காட்சியகத்தை இங்கே மாற்றுங்கள் என்று தயவு செய்து எழுதாதீர்கள், புதிதாக ஓய்வு பெறுகிற கப்பலைக் கேளுங்கள்.

மெரினா வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் மெரினா அகலமாகிக் கொண்டே போனது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரித்துப் போய்ப் பாறை கொட்ட வேண்டி வந்தது. அந்த அகலமான மணலைத் தாண்டிக் கப்பலை இழுப்பது ஒரு பாடு, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்குவது இன்னொரு பாடு. அதையெல்லாம் தாண்டினாலும் ஏற்கெனவே கூட்டம் பிதுங்குகிற மெரினாவுக்கு இன்னொரு கூட்டம் எதற்கு? துறைமுகம் வந்ததால் கரையை இழந்தது வடசென்னை, அந்தத் துறைமுகத்தால் வருகிற சுற்றுலாவாவது வடசென்னைக்கு வரட்டும். துறைமுகத்தின் உள்ளே அலை அடங்கின இடத்தில் மிதக்க விடலாம். ஆனால் பாதுகாப்புச் சோதனை உள்ள வாசல் வழியாகப் பொதுமக்கள் போய்வர முடியாது, தனிப் பாதை கேட்க வேண்டும். காசிமேட்டு மீனவர்களின் படகு நிறுத்துமிடத்தில் ஒரு அடி கூடக் குறையக் கூடாது என்பதையும் மனுவிலேயே எழுதி விடுங்கள்.

இந்த இடத்துக்கென்று சொந்தக் கதையும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது இந்தத் துறைமுகத்தில்தான், அதன் நினைவுக் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகத்துச் சுவரில் இருக்கிறது, ஆயிரம் பேர் தாண்டிப் போகிறார்கள், யாரும் நின்று பார்ப்பதில்லை. கொஞ்ச தூரத்தில் கோட்டை அருங்காட்சியகம், இந்தப் பக்கம் 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம். டையூவில் என்ன செய்தார்கள் தெரியுமா, 1971இல் அந்தக் கடலில்தான் பழைய குக்ரி போர்க்கப்பல் 194 பேரோடு மூழ்கியது, அதே பெயரில் பின்னால் வந்த குக்ரி ஓய்வு பெற்றதும் 2022இல் டையூவுக்கே கொடுத்தார்கள். கப்பலுக்கும் ஊருக்கும் தொடர்பு இருந்தால் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஆகவே மனுவில் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: பராமரிப்புக்கு வருடா வருடம் தனி ஒதுக்கீடு, அதற்குப் பொறுப்பான ஒரே ஒரு துறை எது என்ற பெயர், அடிப்பகுதியைச் சோதித்த அறிக்கை வராமல் கப்பலை இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை. மாமல்லபுரத் திட்டம் ஏன் நின்றது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, வருகிற பதிலையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.