ஆறாவது மனைவியும் அரைச்சாக்குப் பனங்கொட்டையும்

(பாளையங்கோட்டையில், படம் பார்த்தவர்கள் கூடிய ஓர் ஆவணி மாத மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் விலங்கியல் பேராசிரியர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் ஐயா அவர்களே, இந்தக் கல்யாண மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே! வாடகைதான் இல்லை, மின்கட்டணம் உண்டு என்று வாசலிலேயே என் காதோடு சொல்லிவிட்டார். சொன்னதற்கும் சேர்த்து நன்றி. திரை கட்டிய தம்பிமார்களே, களக்காட்டுக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்ற கவலையோடு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் என் சொந்தக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடைக்குப் பதிலாகக் கதர்த் துண்டு போர்த்தினீர்கள். துண்டு நாளைக்கும் பயன்படும், மகிழ்ச்சி.

நான் மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். ஒன்று, போன வாரம் இதே மண்டபத்தில் நாம் பார்த்த குளோனிங் படத்தைப் பற்றி, அதாவது ஓர் உயிரின் உயிரணுவிலிருந்து அதே அச்சில் இன்னொன்றை உண்டாக்கும் கதையைப் பற்றி, நீங்கள் சொன்ன கருத்துகள். இரண்டு, அதிலுள்ள அறிவியல். மூன்று, காசில்லாமல் பயம் காட்டும் கலை, முக்கியமாக அந்தப் படத்தின் ஒலி. மூன்றுக்கும் முன்னால் ஒரு பழமொழியை வைத்துக்கொள்கிறேன்: தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

வராதவர்களுக்காகக் கதை. பனி கொட்டும் நாட்டில் ஒதுக்குப்புறமாக ஒரு வீடு. மனைவியை இழந்த மருத்துவர். அவளுடைய உடலின் உயிரணுவிலிருந்து அவளையே மறுபடி உண்டாக்குகிறார். வந்தவள் ஆறாவது. முன்னால் உண்டாக்கிய ஐந்தும் சரியாக வரவில்லை. அவை நிலவறையில் ஐந்து கதவுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. மொத்தப் படத்துக்கும் ஒரு வீடு, மூன்று நடிகர்கள், அணைந்து அணைந்து எரியும் ஒரு விளக்கு. அவ்வளவுதான் முதலீடு.

படம் முடிந்ததும் நூலகர் ஐயா துண்டுச் சீட்டுகளைக் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை படித்தேன். கல்லூரி மாணவி ஒருவர், ‘முதல் பாதி பயம், இரண்டாம் பாதி பாதி பயம்’ என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெண் விமர்சகராக வருவார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சிக்கு ஆய்வகம் பிடிக்கவில்லை: ‘ஒரு நுண்ணோக்கி, ஒரு குளிர்சாதனப் பெட்டி. எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் இதைவிட அதிகம் இருக்கிறது.’ ரத்தம் தக்காளிச் சாறு என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாமவர், தக்காளி விற்கிற விலையில் அது தக்காளியாக இருக்க முடியாது என்று அவர்களை மறுத்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் பெரிய தவறு ஒன்றைப் பிடித்தார். தொட்டியிலிருந்து எழுந்து வருகிறவள் முப்பது வயதுப் பெண்ணாக வருகிறாளே, அது எப்படி? குளோனிங் என்றாலும் கருவாகித்தானே வளர வேண்டும், வேறொரு தாயின் வயிற்றில் இருந்து குழந்தையாகத்தானே பிறக்க வேண்டும் என்று கேட்டார். நூற்றுக்கு நூறு சரி. போதாததற்கு, வந்தவள் கணவனுக்குப் பிடித்த பாட்டை வேறு முணுமுணுக்கிறாள்! உயிரணுவில் மூக்கின் வடிவம் இருக்கும். பாட்டு இருக்காது.

மூலைக்கரைப்பட்டிப் பக்கமிருந்து வந்த செவிலியர் அம்மா எழுதிய சீட்டை மட்டும் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். படிக்கிறேன்: ‘எனக்கு ஆறாவது பெண்ணைப் பார்த்துப் பயமே வரவில்லை. அவளுக்கு முழங்காலில் தழும்பு இல்லை என்று அவளே விளக்கு வெளிச்சத்தில் தடவித் தடவிப் பார்க்கிறாளே, அங்கே அழுகைதான் வந்தது. பயம் அந்த ஐந்து கதவுகளைப் பார்த்துத்தான்.’

இந்த ஒரு சீட்டுக்காகவே அந்தப் படத்தை எடுத்தவர்களின் ஏழ்மையை நான் மன்னித்துவிட்டேன். ஐந்து கதவுகள் வெறும் கற்பனை இல்லை. ஸ்காட்லாந்தில் ரோஸ்லின் நிறுவனத்தில் டாலி என்ற செம்மறிக்குட்டி 1996 ஜூலை 5 அன்று பிறந்தது. ஆறு வயது ஆடொன்றின் மடியிலிருந்து எடுத்த உயிரணு. வேறோர் ஆட்டின் கருமுட்டை. சுமந்து பெற்றது மூன்றாவது ஆடு. இப்படி இணைத்துப் பார்த்த முட்டைகள் 277. அவற்றில் கருவாகத் தேறியவை 29. பதின்மூன்று ஆடுகளின் வயிற்றில் வைத்தார்கள். பிழைத்துப் பிறந்தது ஒன்றே ஒன்று. உலகமே அந்த ஒன்றைத்தான் படம் பிடித்தது. 2003 பிப்ரவரியில் நுரையீரல் நோய் கண்டு, ஆறரை வயதில் டாலியும் போய்விட்டது.

ராணுவ அண்ணாச்சிக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆய்வகம் எளிமையாக இருந்தால் குளோனிங் நடக்காது என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் ஹரியானா மாநிலம் கர்னாலில், தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009-இல் கரிமா என்ற எருமைக் கன்றைக் குளோனிங் முறையில் பிறக்க வைத்தார்கள். விலை உயர்ந்த நுண்கருவிகளை நம்பியிருக்காமல், நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே மெல்லிய அலகைக் கையில் பிடித்துக் கருமுட்டையை வெட்டும் முறை அது. பேராசிரியர் அம்மா தலையசைக்கிறார்கள். துணிந்து மேலே போகிறேன்.

தாயைப் போல பிள்ளை என்றேன். இதற்குக் கர்னாலுக்கும் ஸ்காட்லாந்துக்கும் போக வேண்டியதில்லை. களக்காட்டுக்குப் போனால் போதும். வாழை முழுக்கக் குளோனிங்தானே ஐயா! நாம் தின்கிற பழத்தில் விதை ஏது? தாய்மரத்தடியில் முளைக்கிற பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோம். கன்று தாயின் அச்சு. வாழையடி வாழை என்று கல்யாணப் பத்திரிகையில் வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்து மணமக்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அறிவியல் படித்தவர்கள் சொல்லட்டும்.

என் தாய்மாமா களக்காட்டில் ரஸ்தாளி போட்டிருந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒருநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தோட்டத்தில் நாற்பது குழிகள். நாற்பது கன்றுகளை யாரோ இரவோடு இரவாகப் பெயர்த்துப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மேலத்தோட்டத்துக்காரர் வயலில் புதிதாக நாற்பது கன்றுகள் நிற்கின்றன. கேட்டால், ஏரல் பக்கம் விலைக்கு வாங்கியது என்றார். கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்து கூடியது. பெரியவர் மாமாவைப் பார்த்து, “கன்றின் நெற்றியில் உன் பெயரா எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். தூணுக்குப் பின்னாலிருந்து என் அத்தை, “தாயைப் போல பிள்ளை இருக்குமே, பார்த்தால் தெரியாதா?” என்றார். “ரஸ்தாளி எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும், நீ உள்ளே போ” என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

ஐந்து மாதம் போனது. மாமா தோட்டத்தில் அடி இலைகள் மஞ்சளாகின. காம்போடு மடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்கின. அடித்தண்டு வெடித்தது. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்; வாடல் நோய். பத்தே நாளில் மேலத்தோட்டத்திலும் அதே மஞ்சள், அதே பாவாடை. நாங்கள் அழுதுகொண்டிருக்கிறோம், அத்தைக்கு மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம்! அரிவாளை எடுத்தார். எங்கள் வாழைக்கிழங்கில் ஒன்று, அவர் வயலில் கேட்காமலேயே ஒன்று. இரண்டையும் பிளந்து, கல்யாணத்தில் வந்த பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, சீர்வரிசை கொண்டுபோவதுபோல நடுத்தெருவில் நடந்து மண்டபத்துக்குப் போனார். வெள்ளையாக இருக்க வேண்டிய கிழங்கில் வெற்றிலை துப்பியதுபோலச் செம்பழுப்புப் புள்ளிகள். தாம்பாளத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கீழே வைத்து, “இதில் எங்கள் வீட்டுக் கிழங்கு எது, அவர் வீட்டுக் கிழங்கு எது? பெயர் வாசியுங்கள் பெரியவரே” என்றார்.

பெரியவரால் வாசிக்க முடியவில்லை. நாற்பது கன்றுக்கு விலை வைத்துக் கொடுக்கச் சொன்னார். மேலத்தோட்டத்துக்காரர் காசை எண்ணி வைத்துவிட்டு, “கன்றோடு நோயும் வந்துவிட்டதே, அதற்கு நான் யாரிடம் நஷ்டஈடு கேட்பது?” என்றார். அத்தை சொன்னார்: “அதற்கு நாங்கள் விலை போடவில்லை அண்ணாச்சி. சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.”

பேராசிரியர் அம்மா சிரிக்கிறார்கள். ஏரல் கன்றிலும் அந்த வாடல் நோயைக் கொடுக்கும் பூஞ்சை இருந்திருக்கலாமே என்பார்கள். இருந்திருக்கலாம். அத்தையிடம் அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரிவாள் இன்னும் கையில்தான் இருந்தது.

ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். அச்சு எடுத்த கூட்டத்தின் தலையெழுத்து அது. போன நூற்றாண்டில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் என்ற வாழையைப் பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றது. 1960-களுக்குள் வியாபாரிகள் கேவண்டிஷுக்கு மாறினார்கள். அதுவும் குளோன்தான். இப்போது அதைத் தாக்கவும் அதே பூஞ்சையின் வேறொரு வகை வந்துவிட்டது.

இந்த இடத்தில் என் பனையைக் கொண்டுவருகிறேன். முதல் வரிசையில் ‘வந்துவிட்டதடா’ என்ற முணுமுணுப்பு எனக்குக் கேட்கிறது. கொண்டுவரத்தானே வந்தேன்! பனைக்குப் பக்கக்கன்று கிடையாது. கொட்டையிலிருந்துதான் வர வேண்டும். அலகுப்பனையா பருவப்பனையா, அதாவது ஆணா பெண்ணா என்பதுகூட அது பாளை விடும்வரை தெரியாது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். ஒரு பழத்தின் மூன்று கொட்டையும் மூன்று குணத்தில் வளரும். ஒன்று பதநீர் நிறையச் சுரக்கும், ஒன்று கஞ்சத்தனம் செய்யும். பனையிடம் மட்டும் என் பழமொழி பலிப்பதில்லை. தாயைப் போல பிள்ளை என்று வடலி என்கிற இளம்பனையைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள், அது மட்டையின் கருக்கைக் காட்டும். திசையன்விளை, உடன்குடிச் செம்மணல் தேரிகளில் கோடை முழுக்க நிமிர்ந்து நிற்கிற மரம் அது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசே சொன்னது. ஆனால் செங்கல் சூளைக்குப் போகிற லாரியில் அடிமரம் கிடப்பதை நாங்குநேரிச் சாலையில் போன மாதமும் பார்த்தேன். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. பார்த்தால் போதும்.

மூன்றாவதாகப் படத்தின் ஒலியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் அம்மா கைக்கடிகாரத்தை இரண்டாம் முறை பார்க்கிறார்கள். களக்காட்டுக்காரர்கள் எழுந்தே விட்டார்கள். நிலவறையில் கேட்ட மூச்சொலி, படம் எடுத்தவர்கள் செய்ததா, இந்த மண்டபத்து மின்விசிறி செய்ததா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் அரைச்சாக்குப் பனங்கொட்டை வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையோ குளத்துக் கரையோ, பத்தடிக்கு ஒன்றாக, ஒரு அடி ஆழத்தில் போடுங்கள். ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். கடப்பாறை இல்லாதவர்கள் அரிசி ஆலை அண்ணாச்சியிடம் கேளுங்கள். அவரிடம் இரண்டு இருக்கிறது. வாடகை கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.