டூட்டூவை வடிவமைத்தது ஆடியவர் காலே!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

தலைப்பு என்ன? "பாலே நடனத்தின் டூட்டூ உடையை வடிவமைத்தது ஆடியவர் காலா, பார்த்தவர் கண்ணா?" டூட்டூன்னா பாலே ஆடற பொண்ணுங்க கட்டற வலைத்துணிப் பாவாடை. நான் காலுக்காகப் பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி ஒரு வரி சொன்னார். "அந்தப் பாவாடை வருஷத்துக்கு வருஷம் மேல ஏறினதுக்குக் காரணம் கலை இல்லீங்க, முன்வரிசைப் பணக்காரர் கையில இருந்த பைனாகுலர்!" நீங்களும் சிரிச்சீங்க. நான் சிரிக்கலை. அதுக்குப் பதில் சொல்லாம இந்த மேடையை விட்டு இறங்கறதாவும் இல்லை.

தம்பி, வாங்க, 1726-க்குப் போவோம். பாரிஸ் ஓபரா அரங்கம். மரி கமார்கோன்னு ஒரு பொண்ணு, பிரஸ்ஸல்ஸ்ல பிறந்தவ, 16 வயசு. அறிமுக ஆட்டத்திலேயே ஊரைக் கட்டிப் போட்டுட்டா. சொல்லிக் கொடுத்தவங்க பிரான்சுவாஸ் பிரெவோ, அவங்களே அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம். சிஷ்யைக்கு விழுந்த கைதட்டல் குருவுக்கு ஆகலை. பொண்ணைக் கொண்டுபோய்க் குழு ஆட்டத்துல பின்வரிசையில நிறுத்திட்டாங்கன்னு சொல்வாங்க.

ஒரு நாள் பூதங்கள் ஆடுற காட்சி. துமுலான்னு ஒரு ஆண் நடனக்காரர் வந்து தனியா ஆடணும். வாத்தியம் முழங்குது. ஆளைக் காணோம். வாசிக்கிறவங்க வாசிச்சுக்கிட்டே இருக்காங்க. மேடை நடுவுல வெறும் பலகை. பின்வரிசையில இருந்து ஒரே பாய்ச்சல், கமார்கோ! அவர் ஆட வேண்டியதை இவ ஆடறா, யாரும் சொல்லிக் கொடுக்காம, அந்த நிமிஷத்துல கால்ல வந்ததை ஆடறா. அரங்கம் எழுந்து நிக்குது.

நடுவர் ஐயா, அந்த இடத்தை இன்னொரு தடவை பார்க்கணும், எனக்கு அவ்வளவு பிடிச்ச இடம். வாத்தியம் முழங்குது. ஆளைக் காணோம். அந்தக் காலத்துல பொண்ணுங்கன்னா தரையைத் தொடுற பாவாடை, உள்ளே வளையம் வெச்சுத் தூக்கின பாவாடை. அதுக்குள்ள கால் இருக்கா இல்லையான்னே வெளியே தெரியாது. ஆண்கள் எகிறிக் குதிச்சு, அந்தரத்துல ரெண்டு காலையும் முன்னும் பின்னும் மாத்தி வெட்டிக்கிட்டு இறங்குவாங்க. பெண்கள் நடந்து, வளைஞ்சு, வணங்கணும். அவ்வளவுதான் கொடுத்த இடம். இவ அந்தரத்துல காலை வெட்டினா! ஆண் மாதிரி ஆடிய முதல் பெண்ணுன்னு எழுத்தாளர் வால்தேர் பாராட்டினார்.

இப்போ சொல்லுங்க தம்பி. அந்தரத்துல ரெண்டு கால் செய்யற வேலையைத் தரைவரைக்கும் தொங்குற துணி மூடிக்கிட்டா என்ன பிரயோஜனம்? கமார்கோ பாவாடையைக் கணுக்காலுக்கு மேல ஏத்தினா. சில அங்குலம்தான். அந்த அங்குலத்தை எந்தப் பைனாகுலரும் கேட்கலை, அவ கத்துக்கிட்ட வித்தை கேட்டுச்சு.

தம்பி சொன்னதுல ஒரு உண்மை இருக்கு, மறைக்க மாட்டேன். 1831-ல பாரிஸ் ஓபராவோட இயக்குநரா வந்த லூயி வெரோன், நடனப் பெண்கள் ஒத்திகை பார்க்கிற கூடத்தைச் சந்தாதாரப் பணக்காரங்களுக்குத் திறந்து விட்டார். ஏழை வீட்டுப் பிள்ளைங்க. வாசல்ல தொப்பி போட்ட கனவான்கள். ஓவியர் தெகா வரைஞ்ச படங்கள்ல ஓரமா நிக்கிற அந்தக் கறுப்புக் கோட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீங்க. அது அசிங்கம்.

ஆனா வருஷத்தைப் பாருங்க. பைனாகுலர்தான் கத்தரிக்கோல்னா, கூடத்தைத் திறந்த மறுநாளே பாவாடை முழங்காலைத் தாண்டியிருக்கணுமே! என்ன நடந்துச்சு? 1832 மார்ச் 12. 'லா சில்ஃபீட்'ங்கிற பாலே. மரி தாலியோனி காத்துல வாழற தேவதையா வர்றாங்க. வெள்ளை மெல்லிழைத் துணி அடுக்கடுக்கா, கெண்டைக்கால் வரைக்கும் மணி மாதிரி விரிஞ்ச பாவாடை. அப்பா பிலிப்போ தினம் 6 மணி நேரம் பயிற்சி கொடுத்து வளர்த்த கால் அது. நுனிவிரல்ல நிக்கிறது தெரியணும், ஆனா தரையில கால் படலைங்கிற மாயமும் வேணும். ரெண்டுக்கும் சேர்த்து அளந்த நீளம் அந்தக் கெண்டைக்கால் நீளம். முழங்காலைத் தாண்ட இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. அதுவும் பாரிஸ்ல இல்லை!

ருஷ்யாவுல, இத்தாலியப் பெண்கள் கால்ல. 1885-ல வர்ஜீனியா சுக்கி பீட்டர்ஸ்பர்க் வந்து, அரசு அரங்கோட நீளப் பாவாடை வழக்கத்துக்குக் கட்டுப்பட மாட்டேன்னு குட்டைப் பாவாடையிலயே ஆடினாங்க. 1895-ல 'ஸ்வான் லேக்' பாலே. பியரினா லென்யானி ஒரே காலோட நுனியில நின்னு, இன்னொரு காலைச் சாட்டையா வீசி வீசி 32 சுற்று! நீளப் பாவாடையில இதைச் செஞ்சு பார்க்கச் சொல்லுங்க. வீசற கால்ல துணி சுத்திக்கும். உடம்பு நின்ன பிறகும் துணி நிக்காது, அது பாட்டுக்கு இன்னொரு சுற்றுப் போகும்.

பிறகு இடுப்பைச் சுத்தி ஊத்தப்பம் மாதிரி தட்டையா நிக்கிற டூட்டூ வந்துச்சு, உள்ளே கம்பி வளையம். அதை மேடைக்குப் பின்னால பார்க்கணும் நீங்க. ஜட்டியோட சேர்த்துத் தைச்ச வலைத்துணி, பத்துப் பன்னிரண்டு அடுக்கு. அடியில குட்டை, மேல போகப் போக நீளம். அடுக்கும் அடுக்கும் விலகாம இருக்கக் கையால தளர்வா ஒட்டுத் தையல். ஆட்டம் முடிஞ்சா தலைகீழாத் தொங்கவிடுவாங்க, இல்லேன்னா ஓரம் தொய்ஞ்சுடும்.

அந்தக் கம்பியும் ஏன் போச்சு? ஆண் துணை இடுப்பைப் பிடிச்சா முன்னால தாழும், பின்னால தூக்கும். கூட்டமா ஆடினா பக்கத்துக்காரி மேல இடிக்கும். நடன அமைப்பாளர் பாலன்ஷீனோட 'சிம்ஃபனி இன் ஸீ' பாலே கடைசிக் காட்சியில ஐம்பது பேருக்கு மேல மேடையில. 1950-ல அதுக்காக உடை வடிவமைப்பாளர் பார்பரா கரின்ஸ்கா, கார்கிவ்ல பிறந்த அந்த அம்மா, கம்பியையே எடுத்துட்டு, பல நீளத்துல வெட்டின வலையைத் தளர்வாத் தைச்சு, தானே நிக்கிற டூட்டூ செஞ்சாங்க. இதுல எங்கே வந்தார் முன்வரிசைக்காரர்?

இன்னொண்ணு. 1909-ல ருஷ்ய நடன அமைப்பாளர் ஃபோகின் 'லே சில்ஃபீட்'ல, இது வேற பாலே, பாவாடையை மறுபடி கெண்டைக்காலுக்கு இறக்கினார். மேல ஏறினதுக்குப் பைனாகுலர் காரணம்னா, இறங்கினதுக்கு எது காரணம் தம்பி? ஆட்டம் மாறுச்சு, நீளம் மாறுச்சு! நம்ம அடையாறு ருக்மிணி தேவி, ருஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவைச் சந்திச்சு, பாவ்லோவா குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட பாலே கத்துக்கிட்டவங்க. பிறகுதான் பரதத்துக்கு வந்தாங்க. ஆடறவ உடம்புக்கு உடை என்ன செய்யும்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சவங்க.

மணியைத் தொடாதீங்க ஐயா, ஒரே ஒரு பொண்ணைப் பத்திச் சொல்லிட்டுப் போயிடறேன்.

எம்மா லிவ்ரி. 16 வயசுல பாரிஸ் ஓபராவுல 'லா சில்ஃபீட்' ஆடினவ. அவளைப் பார்த்துட்டு, ஓய்வுல இருந்த தாலியோனியே திரும்பி வந்து சிஷ்யையா ஏத்துக்கிட்டாங்க. அவளுக்காக 1860-ல ஒரு பாலே அமைச்சாங்க. கதாநாயகி பட்டாம்பூச்சியாகி, சுடர்ல சிறகைக் கருக்கிக்கிறவ.

அந்தக் காலத்து மேடையில வாயு விளக்கு. லண்டன்ல கிளாரா வெப்ஸ்டர்னு ஒரு நடனக்காரி, 1844-ல மேடையிலயே பாவாடையில தீப்பிடிச்சு, சில நாள்ல செத்துப்போனா. உடையைத் தீப்பிடிக்காத மருந்துல தோய்க்கணும்னு பிரான்சுல 1859-லயே ஆணை வந்தாச்சு. மருந்துல நனைச்சா துணி விறைச்சுப்போகும், வெண்மை மங்கிடும். எம்மா மாட்டேன்னுட்டா. தன் பொறுப்புன்னு எழுதியே கொடுத்தா.

1862 நவம்பர் 15, ஒத்திகை. மேடையேறக் காத்திருந்தவ பாவாடையை உதறி விரிச்சா, விளக்குச் சுடர் பிடிச்சுக்கிச்சு. தீயோட மேடை முழுக்க ஓடினா. ஒரு தீயணைப்பு வீரர் கம்பளியால சுத்திப் பிடிச்சார். எட்டு மாசம் உயிரோட கிடந்தா ஐயா. அந்தப் படுக்கையிலயும், மருந்துல தோய்ச்ச பாவாடை ஆபத்தில்லைதான், ஆனா மேடைக்குத் திரும்பினா அதைக் கட்டமாட்டேன்னு சொன்னாளாம். 1863 ஜூலையில போயிட்டா. இருபதே வயசு.

நீ அதைச் செஞ்சிருக்கக் கூடாதும்மான்னு அவளை உட்கார வெச்சுச் சொல்லணும்னு எனக்குத் தோணுது. தோணும்போதே, அந்தத் துணியில அவ காத்தாகிப் பறந்ததும் கண்ணுல வருது. எரிஞ்சு மிஞ்சின துண்டு பாரிஸ் ஓபரா அருங்காட்சியகத்துல இன்னும் இருக்கு. முன்வரிசையில ஒருத்தனும் எரியலை தம்பி. எரிஞ்சவ அவ. அது யாரோட உடைன்னு இன்னும் கேட்பீங்களா?

அடிச்சுட்டீங்க மணியை, சரி. தீர்ப்பு எழுதும்போது அந்தப் பிள்ளையை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க ஐயா. நன்றி, வணக்கம்.