1930களின் பழைய வீடே! – பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

இங்கிலாந்தின் அமைதியான புறநகரில் குடும்பத்தோடு வாழ வாங்க வேண்டியது 1930களில் கட்டிய பழைய வீடா, புதுக் குடியிருப்பில் இப்போது கட்டிய வீடா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் புது வீட்டுக்கு மூன்று காரணங்களை அடுக்கினார்: பத்து வருட உத்தரவாதம், குறைந்த கேஸ் பில், பழுதுச் செலவு இல்லை. அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டே பழைய வீட்டுக்காக வாதாடுகிறேன்.

குறையே இல்லாத வீடு எங்கும் கிடையாது. அந்தக் குறை பணம் கட்டும் முன் தெரிகிறதா, கட்டிய பின் தெரிகிறதா? என் வாதமெல்லாம் அதைப் பற்றித்தான்.

நம் தமிழ்க் குடும்பங்கள் பல குடியிருக்கும் வடமேற்கு லண்டனின் ஹாரோ, ரேனர்ஸ் லேன் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மெட்ரோபாலிட்டன் ரயில் பாதையை ஒட்டி, 1915 முதல் 'மெட்ரோலேண்ட்' என்று விளம்பரம் செய்து வளர்த்த பகுதி. ஒரு ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடு போதும் என்று 1918இல் டியூடர் வால்டர்ஸ் குழு அரசுக் குடியிருப்புகளுக்குச் சொன்ன அளவு, தனியார் கட்டிய தெருக்களிலும் செல்வாக்குப் பெற்றது. அகலத் தெரு, முன்னால் வேலி, பின்னால் நீளத் தோட்டம் எல்லாம் அப்படி வந்தவை. அந்த அமைதிக்கு இன்று தனியாக மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை.

இனி அந்த வீட்டின் முன்னால் நின்று பார்ப்போம். முகப்பில் வளைந்து வெளியே நீளும் பே ஜன்னல். பழைய மரச் சட்டங்கள் வெறும் கண்ணாடியைப் பிடிக்க வைத்தவை அல்ல. மாடி ஜன்னலின் பாரத்தையும் அவைதான் தாங்கின. பிறகு வந்தவர்கள் மரத்தை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தார்கள். மூலைகளில் இரும்புத் தாங்குகால் வைக்காமல் விட்டிருந்தால் மேல் பே ஜன்னல் மெல்ல இறங்கும். பே ஜன்னலும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் ஓடும், ஜன்னல் கதவு திறக்கும்போது இறுகும். விரல் வைத்துப் பார்த்தாலே தெரியும். 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய ஜன்னலுக்கு ஃபென்ஸா போன்ற ஜன்னல் பொருத்துவோர் பதிவுத் திட்டத்தின் சான்றிதழோ கவுன்சிலின் கட்டட அனுமதிச் சான்றோ இருக்க வேண்டும். சொலிசிட்டர் கேட்டு வாங்குவார்.

கொஞ்சம் குனியுங்கள். சுவரின் அடியில் துளை போட்ட செங்கற்கள், அதாவது ஏர் பிரிக்குகள், தெரியும். பல பழைய வீடுகளில் கீழ்த்தளம் மரத்தளம். அதன் அடியில் காற்றோட இவை திறந்திருக்க வேண்டும். யாராவது முற்றத்தை உயர்த்திக் கல் பதித்து இவற்றை மூடியிருந்தால், அடியில் ஈரம் தங்கி மரம் உளுத்துவிடும். வெளித்தரை, ஈரத்தடுப்புப் படலத்துக்கு 150 மில்லிமீட்டர் கீழே இருப்பதே சரி. ஹாரோ நிற்பது லண்டன் களிமண் மேல். வறண்ட கோடையில் களிமண் சுருங்கும். பக்கத்தில் ஓக், வில்லோ மரம் இருந்தால் இன்னும் சுருங்கும். ஆழமில்லாத அத்திவாரம் அதோடு இறங்கும். ஒரு மில்லிமீட்டர் விரிசல் பூச்சு வேலையோடு போகும். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்காகச் செய்வது. அதை நம்பி இருக்கக் கூடாது. கட்டடத்தை விரிவாக ஆராயும் லெவல் 3 சர்வே ஒன்று, மின்கம்பிச் சோதனை ஒன்று, சாக்கடைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது ஒன்று. இந்த மூன்றையும் செய்தால் தொண்ணூறு வருடக் கட்டடம் தன் கதையைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

புது வீடு என்ன சொல்லும்? குறைபார்ப்பவரை உள்ளே விடுவதே பெரும்பாலும் ஒப்பந்தம் எக்ஸ்சேஞ்ச் ஆகி, நீங்கள் சட்டப்படி கட்டுப்பட்ட பிறகுதான். பத்து வருட உத்தரவாதத்தைப் பிரித்துப் பாருங்கள். பரவலாக உள்ள என்எச்பிசி என்ற புது வீட்டு உத்தரவாத நிறுவனத்தின் திட்டத்தில் முதல் இரண்டு வருடம்தான் பில்டர் வந்து சரிசெய்யும் பொறுப்பு. மூன்றாம் வருடத்திலிருந்து அது காப்பீடு. கூரை, அத்திவாரம் போல ஒப்பந்தத்தில் எழுதிய பெரிய சேதங்களுக்கே பொருந்தும். கதவு உரசினால், டைல்ஸ் பெயர்ந்தால், செலவு உங்கள் பையிலிருந்துதான்.

செலவில்லை என்றாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதினொரு பெரிய பில்டர்கள் 2021–22இல் விற்ற புது வீடுகளில் 80 சதவீதத்துக்குக் குடியிருப்பு நிர்வாகக் கட்டணம் உண்டு; வருடத்துக்குச் சராசரி 350 பவுண். புல்வெட்ட, விளக்கெரிக்க, சாலை பார்க்க. பழைய தெருவில் சாலையும் விளக்கும் கவுன்சில் வரிக்குள் அடங்கியவை. புதுக் குடியிருப்பில் அதே கவுன்சில் வரியையும் கட்டி, இதையும் கட்ட வேண்டும். வீடு ஃப்ரீஹோல்டு, அதாவது நிலத்தோடு உங்களுக்கே சொந்தம், என்று எழுதியிருக்கும், ஆனால் இந்தக் கட்டணம் எங்கே நிற்கும் என்று பத்திரத்தில் தேடினால் பல இடங்களில் வரம்பு கிடைக்காது. வாங்கும் முன் அந்தப் பத்திரத்தை வரி விடாமல் படியுங்கள்.

கேஸ் பில்லில் எதிரணி சொல்வது உண்மை. மறுக்க மாட்டேன். கார் விஷயத்திலும் அப்படியே: இரு வீட்டுக்கும் பொதுவான ஒடுங்கிய பாதையும், இன்றைய கார் நுழையாத கராஜும் பழைய வீட்டின் நிரந்தரச் சங்கடங்கள். ஆனால் வெப்பத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது. கூரையடியில் 270 மில்லிமீட்டர் வெப்பக்காப்புப் பஞ்சு விரிக்கலாம். சுவர் இரட்டைச் சுவராக இருந்து நடுவில் சுமார் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் அதையும் நிரப்பலாம். நிரப்பும் முன் உள்ளே பழைய சாந்துக் கட்டிகள் கிடக்கின்றனவா, இணைப்புக் கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் நிரப்பினால் மழை ஈரம் உள்சுவருக்கு வந்துவிடும்.

பிள்ளைகள் வளர்ந்தால் இடம்? பழைய வீட்டின் மேல்மூடியைத் திறந்து, கூரைக்கடியில் உள்ள லாஃப்டுக்குள் டார்ச் அடியுங்கள். கைமரமும் குறுக்கு உத்திரமும் ஓரமாக நிற்கும், நடுவில் ஆள் நடக்கலாம். தனித் திட்ட அனுமதி இல்லாமலே, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய செமி வீட்டில் 50 கன மீட்டர் வரை கூரையை விரிக்கலாம், பின்னால் ஒரு மாடிக்கு 3 மீட்டர் நீட்டலாம். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் விதி மாறும். ஹாரோ பக்கத்திலேயே பின்னர் (Pinner) என்ற ஊரில் அப்படிச் சில தெருக்கள் உண்டு. கட்டட விதிமுறைச் சான்றும், பொதுச்சுவரைத் தொட்டால் 1996 சட்டப்படி பக்கத்து வீட்டுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பும் கட்டாயம். புது வீட்டில் அதே மூடியைத் திறந்தால் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்த டிரஸ் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக மறிக்கும். ஒன்றை அறுத்தால் கூரையின் பலமே குலையும். தோட்டமும் சிறியது, நீட்டும் உரிமையைத் திட்ட அனுமதியிலேயே பல இடங்களில் நீக்கியும் விடுகிறார்கள்.

நடுவர் அவர்களே, இங்கிலாந்துச் சட்டத்தில் எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை வாங்குபவரும் விற்பவரும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. பழைய வீட்டுக்கு இது பெரிய வசதி. சர்வே அறிக்கை வந்ததும் பே ஜன்னலைத் தாங்க, மின்கம்பி மாற்ற, உளுத்த மரம் எடுக்க இரண்டு கான்ட்ராக்டர்களிடம் எழுத்தில் விலை வாங்கி, அந்தத் தொகையை வீட்டு விலையில் குறைக்கச் சொல்லி ஏஜெண்டிடம் அனுப்பலாம். புது வீட்டில் முன்பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பல பில்டர்கள் 28 நாளில் எக்ஸ்சேஞ்ச் செய்யச் சொல்கிறார்கள். அந்த 28 நாளில் சுவரே சில இடங்களில் எழும்பியிருக்காது. எதைக் காட்டி விலை பேசுவது என்று எதிரணி பதில் சொல்லட்டும்.