லுங்கி நெய்யும் ஊருக்குப் பழைய துணி

நேயர்களுக்கு வணக்கம். நான் சமூகப்பணியில் இளங்கலை சேர்ந்தபோது என் தாத்தா ஒன்று கேட்டார்: "கொடுக்கறதுக்கு எதுக்குடா பட்டம்?" அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகம் 2010-லேயே கொடையைப் பற்றிப் படிக்க ஓர் இளங்கலைப் பட்டம் தொடங்கிவிட்டது. எங்களுக்கு அது சமூகப்பணிப் பாடத்துக்குள் ஒரு மூலையில் வந்தது.

அந்த மூலையிலும் பாதி சட்டம்தான். நன்கொடைக்கு வரிச்சலுகை வாங்கித் தரும் 80ஜி ரசீது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தேர்வுக்கு உதவியது. வேலூர் லாங் பஜார் கடைத்தெருவில் உதவவில்லை. நன்கொடை கேட்டு ரசீது புத்தகத்தோடு போனால் ஒரு கடைக்காரர் ஐம்பது ரூபாயை நீட்டிவிட்டு, "பேரை எழுதாதே தம்பி, பார்த்துட்டு நாளைக்கு நாலு பேர் வந்து நிப்பாங்க" என்றார். பேரில்லாத ரசீதை எப்படிக் கிழிப்பது என்று பாடத்தில் இல்லை.

வகுப்பில் எனக்குப் பிடித்தது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை. வேலூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட மாட்டார்கள், பெண் மருத்துவரோ இல்லை. அதைப் பார்த்த ஐடா மருத்துவம் படித்தார். மருத்துவமனைக்கு 8,000 டாலர் திரட்டக் கிளம்பினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், இறந்த மனைவியின் நினைவாக 10,000 கொடுத்தார். 1902-ல் மருத்துவமனை திறந்தது. "அந்தம்மாவுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சிருந்தது, அதான் கேட்க முடிஞ்சது" என்று எங்கள் பேராசிரியை சொன்னதை அழகாகக் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

எடுத்து என்ன? அந்த மார்கழியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம், குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம், ஏழு நாள். டாடா ஏஸில் மூன்று சாக்கு பழைய துணி ஏற்றிக்கொண்டு போனோம். லுங்கி நெய்கிற ஊர்ப் பக்கத்துக்கு! பிரித்தால் ஜரிகை போன பாவாடை, ஒற்றைக்கால் சாக்ஸ், வேலூர் வெயிலுக்கு ஸ்வெட்டர். யாரும் கிட்டவே வரவில்லை.

திண்ணையில் ஓர் அக்கா மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையில் தூளைப் போட்டு உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இழுத்து அறுப்பதற்குள் கை அடுத்த இலைக்குப் போய்விடும். எங்களைப் பார்க்காமலே கேட்டார்: "துணி கிடக்கட்டும் தம்பி. பையனுக்கு ஸ்காலர்ஷிப்புக்குச் செல்லுல என்னமோ போடணுமாமே, உங்களுக்குத் தெரியுமா?" பீடித் தொழிலாளர் அட்டையை பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார்.

தெரியாது. அன்று ராத்திரி உட்கார்ந்து தெரிந்துகொண்டோம். சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. மறுநாள் அங்கே பதினோரு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அந்த அக்கா பையனுக்குத்தான் சிக்கல்: ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். அதற்காகவே இரண்டு தடவை வங்கிக்கு அலைந்தோம்.

சாக்குகள் அதே டாடா ஏஸில் திரும்பி வந்தன. ஸ்வெட்டரை மட்டும் ஒரு பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார், பனிக்குக் கன்றுக்குட்டிமேல் போர்த்த.