எம்.ஜி.பி. வாங்குமுன் கதவடியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கையைக் கடிக்காத விலையில் ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, அதை இன்றைய சாலைக்குத் தோதாக மேம்படுத்துவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லாக் கார்களையும் தொட்டுப் போவதைவிட, ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். அது எம்.ஜி.பி.

1962 முதல் 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் இன்றும் சின்ன வாஷரிலிருந்து முழு பாடி வரை புதிதாகக் கிடைக்கிறது. எஞ்சின் 1798 சிசி, நான்கு சிலிண்டர். நம் ஊர் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம்தான். அதைப் பிரித்துப் பூட்டிய கைகளுக்கு வால்வைத் திறக்கும் இதன் புஷ்ராடும் ராக்கரும் புதிதாக இருக்காது. அங்குல அளவு ஸ்பேனர் செட் ஒன்று இருந்தால் வீட்டு வாசலிலேயே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடலாம்.

எஞ்சின் இவ்வளவு எளிது என்பதால்தான், வாங்கும்போது எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள் என்கிறேன். இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. தகடுதான் எலும்பு. அதிலும் திறந்த ரோட்ஸ்டரில் கூரை இல்லாததால், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகடுதான் காரை வளையாமல் தாங்குகிறது. வெளித் தகடு ஒன்று, நடுவில் செங்குத்தாக ஒரு தகடு, அடியில் மடிப்புத் தகடு ஒன்று, இப்படி மூன்று சேர்ந்தது அது. நடுத்தகடு வெளியில் தெரியாது. அது தின்றுபோன பிறகும், மேலே ஒரு புதுத் தகட்டை வெல்டிங் வைத்து மூடி, பட்டி போட்டு, பளபளவென்று பெயின்ட் அடித்து விற்கிற கார்கள் ஏராளம்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. துணி சுற்றிய காந்தம், டார்ச், ஜாக்கி மூன்றையும் எடுத்துக்கொண்டு, மழை பெய்யாத நாளில் போங்கள். கதவை மூடி, கதவின் பின் விளிம்புக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் கவனியுங்கள். ஜாக்கி வைக்கவேண்டிய இடத்தில் வைத்துக் காரைத் தூக்குங்கள். இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க முரண்டு பிடித்தாலோ, அந்த நடுத்தகடு போய்விட்டது. ஜாக்கி வைத்த இடமே நொறுங்கினால் பேச்சே வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் தலையை மட்டும் நுழைக்காதீர்கள்.

துரு எங்கே தொடங்குகிறது என்றால், முன் சக்கரத்துக்குப் பின்னால். சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டுக்குள் தங்கி, ஈரம் காயாமல் கதவடிப் பெட்டியின் முன்முனைக்கு இறங்குகிறது. அடுத்தது இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்குக் கீழே உள்ள பேட்டரிப் பெட்டிகள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கே உட்கார்ந்திருந்தன. ஆசிட் கசிந்து, பக்கத்தில் பின் ஸ்பிரிங் மாட்டும் இடம்வரை அரித்துவிடும். இரண்டு பக்கக் கதவடியையும் முறையாக மாற்றினால் பிரிட்டனில் கூலியோடு சில ஆயிரம் பவுண்டு ஆகும். எஞ்சின் சுமாராக இருந்து பாடி திடமாக இருக்கும் காருக்கு 2,000 பவுண்டு கூடக் கொடுத்தாலும் லாபம் உங்களுக்குத்தான்.

1974 இறுதியிலிருந்து அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, காரையும் ஒன்றரை அங்குலம் அளவுக்கு உயர்த்தினார்கள். குரோம் பம்பர் கார்களுக்கு மவுசு அதிகம், விலையும் அதிகம். முதல் கார் வாங்குகிறவர்களுக்கு என் யோசனை ரப்பர் பம்பர் கார், அல்லது 1965-இல் வந்த கூரையுள்ள ஜி.டி. விலை குறைவு, ஜி.டி.யின் பாடியும் உறுதி.

ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ.க்குக் குறையக் கூடாது, ஐட்லிங்கில் 15 இருந்தால் போதும். நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்றால் பயப்படவேண்டாம். பெரும்பாலும் சுவிட்ச், வயர், சோலனாய்டு அல்லது குறைந்த ஆயில்தான் காரணம். விலை பேச அது நல்ல பிடி. கம்பிச் சக்கரமாக இருந்தால், ஹப்பிலுள்ள பல்வரிசையைப் பாருங்கள். பல் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் சக்கரத்தையும் ஹப்பையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

இனி மேம்படுத்துவது. குதிரைத்திறனைக் கூட்ட ஆசை வரும். அதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

முதலில் மின்சாரம். பாடியோடு சேரும் எர்த் இணைப்புகளை எல்லாம் கழற்றிச் சுரண்டி மாட்டினாலே பாதிக் கோளாறு போய்விடும். ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள், சுவிட்ச் தப்பிக்கும், வெளிச்சமும் கூடும். ஸ்பார்க்குக்கு நேரம் வைக்கும் பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம். ஆனால் 1967 வரையிலான கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் மாட்டினால் மாட்யூல் அந்த நிமிடமே கருகும். ரப்பர் பம்பர் கார்களில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பாலஸ்ட் வயரோடு குறைந்த ஓம் காயில் இருக்கும். அங்கே சாதாரண 12 வோல்ட் காயிலைப் போட்டால் ஸ்பார்க் சோர்ந்துவிடும்.

அடுத்து பெட்ரோல். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ-10. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை மிருதுவாக்கிக் கசிய வைக்கும், கசிவது சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில். எல்லா ஹோஸையும் எத்தனாலைத் தாங்கும் ஆர்-9 தரத்துக்கு மாற்றுங்கள், எத்தனால் குறைந்த இ-5 சூப்பர் மட்டும் போடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலும் இப்போது இல்லை. வால்வு உட்காரும் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். சிலிண்டர் ஹெட்டில் கடின வால்வு சீட் இருக்கிறதா என்று ரசீதில் பாருங்கள். ரசீது இல்லையென்றால் ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள டாப்பெட் இடைவெளியை 15 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ. வைத்துவிட்டு, ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அளந்து வாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளில் இடைவெளி சுருங்கிக்கொண்டே போனால், சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. அப்போதுதான் ஹெட்டைக் கழற்றவேண்டும்.

சஸ்பென்ஷனில் செலவுக்கு மிஞ்சிய பலன் தருவது, முன் சக்கரத்தைத் தாங்கும் கையான விஷ்போனின் உள்முனை ரப்பர் புஷ்கள். எட்டு சிலிண்டர் வி8 மாடலுக்கு வந்த, உலோகக் குழாய் பொதிந்த புஷ்ஷைப் போடுங்கள். ஸ்டியரிங் தெளிவாகும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காரை இறக்கி, எடை முழுதும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் நட்டை இறுக்கவேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழியும். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை, பக்கத்துக்கு மூன்று நிப்பிளிலும், சக்கரம் தரையைத் தொடாத நிலையில் கிரீஸ் ஏற்றுங்கள். ரப்பர் பம்பர் காரைக் குறைந்த உயர ஸ்பிரிங் போட்டு ஓர் அங்குலம் இறக்கினால் வளைவுகளில் சாய்வது குறையும். ஓவர்டிரைவ் நன்றாக இருந்தால் ஐந்து கியர் பெட்டிக்குப் பணம் கொட்ட அவசியமில்லை.

கடைசியாக எஸ்.யூ. நிறுவனத்தின் இரட்டைக் கார்புரேட்டர். டாப்பெட், பிளக், டைமிங் மூன்றும் சரியான பிறகே இதைத் தொடுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டு திராட்டில் தண்டுகளையும் இணைக்கும் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். சிறு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும், மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டிலும் உஸ்ஸென்ற சத்தம் ஒன்றாகும்வரை ஐட்லிங் ஸ்குரூவைத் திருப்புங்கள். பிறகு ஒரு கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடி, உடனே பழையபடி அடங்கினால் சரி. எஸ்.யூ.வின் ஹெச்.எஸ். வகையில் அடியிலுள்ள ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பக்க அளவுதான் திருப்பவேண்டும். வேறு எக்ஸாஸ்டோ ஃபில்டரோ மாட்டினால் ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியையும் மாற்ற நேரிடும்.

40 வயது தாண்டியதால் பிரிட்டனில் எல்லா எம்.ஜி.பி.யும் சாலை வரிவிலக்குக்குத் தகுதி உடையவை. பெரிய மாற்றம் செய்யாதவற்றுக்கு எம்.ஓ.டி. என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை காசு கொடுத்துச் சோதனைக்கு விடுங்கள். பிரேக் குழாயில் துருவை இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது. சாலையில் உப்புத் தூவும் முன், அக்டோபருக்குள் கதவடிப் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்சிவிடுங்கள். அடியிலுள்ள வடிகால் துளைகள் மட்டும் அடைபடாமல் இருக்கட்டும்.